ஈயம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு

வயதாக ஆகக் கோபம் தணிந்துவிடும் என்று சொல்கிறார்கள். எனக்குத் தணியவில்லை. அறுபதைத் தாண்டிய பிறகும் தினமும் காலையில் பத்திரிகையை வாங்கியதும் முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் திருப்புவேன். ஒரே ஓர் ஆளின் படம் அதில் வந்துவிடக் கூடாது என்று பார்ப்பேன். அவர் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று அவர் பெற்ற பிள்ளைகள்கூட என்னளவுக்கு வேண்டியிருக்க மாட்டார்கள். நான் கேட்க வேண்டியதைக் கேட்பதற்குள் அவர் கட்டிலில் படுத்து நிம்மதியாகச் செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அப்போதெல்லாம் என் பயம்.

அவர் கரங்கான் பக்கம் நாங்கள் இருந்த செம்பனைத் தோட்டத்தின் பட்டறை ஃபோர்மேன். என் அப்பா அதே தோட்டத்தில் நீராவி இன்ஜின் ஓட்டியவர். பெரிய ரயில் எல்லாம் இல்லை. இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி இன்ஜின். வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை வரிசையாகத் தொட்டி வண்டிகளில் ஏற்றி ஆலைக்கு இழுத்து வரும். ஆலையில் எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுகிற நாரும் கொட்டை ஓடும்தான் அதற்கு விறகு. துணி காயப்போட்ட நேரத்தில் அது எங்கள் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டிப் போனால் பெண்கள் எல்லாரும் என் அப்பாவைத் திட்டுவார்கள். வெள்ளைத் துணி முழுக்கக் கரிப்புள்ளி விழுந்திருக்கும். அப்பா சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போவார்.

அப்பாவோடு இன்ஜினில் இன்னொருவர் இருப்பார். அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். எங்கள் லயத்தில் பக்கத்து வீடு. அவருக்கு ஒரே மகள், என்னைவிட எட்டு வயது சின்னவள்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் அந்த இன்ஜினின் கொதிகலன் வெடித்தது. வெடித்தது என்று சொல்வது சரியில்லை. அடுப்பின் கூரைத் தகடு கிழிந்து, மேலே இருந்த அத்தனை நீராவியும் அடுப்புக் கதவு வழியாகப் பாய்ந்தது. கதவுக்கு நேரே மண்வாரியோடு நின்றவர் பக்கத்து வீட்டுக்காரர். குளிம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து இறந்துபோனார். பக்கவாட்டில் நின்ற அப்பா கீழே குதித்துத் தப்பினார். அவருடைய இடது கையும் முதுகும் வெந்துபோயின.

அந்த வாரமே முடிவு சொல்லிவிட்டார்கள். டிரைவர் கள்ளைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், கொதிகலனில் தண்ணீர் குறைந்ததைப் பார்க்கவில்லை. இதைத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் சொன்னது ஃபோர்மேன். பரிசோதிக்க வந்த அதிகாரியிடம் சொன்னதும் அவர்தான். அந்த அதிகாரி வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார். அடுப்புக்குள் தலையை விட்டால் கரி ஒட்டிக்கொள்ளும் என்று குனிந்து பார்த்த மாதிரி பாவனை செய்துவிட்டுப் போனதாக அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கட்டுப் போட்ட கையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஃபோர்மேனுக்குப் பயந்துதான் பேசவில்லை என்று நான் நினைத்தேன். பல வருஷம் அப்படியே நினைத்தேன்.

இறந்தவரின் மனைவி எங்கள் வாசலுக்கு வந்து மூன்று தடவை மண்ணை அள்ளி வீசினார். "குடிச்சிட்டு என் தாலிய அறுத்திட்டியேடா, உன் குடும்பம் வெளங்காது" என்றார். அவர் இடுப்பில் அந்தச் சின்னப் பெண் இருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு என்ன தெரியும். மறுவாரம் எங்களை லயத்து வீட்டிலிருந்து வெளியே அனுப்பினார்கள்.

லூனாஸுக்கு வந்தோம். ஒரு மளிகைக்கடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. அன்றைக்குக் காலையில் அப்பா குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்தான் எனக்குத் தலை வாரிவிட்டார், வாயில் பல்பொடி வாசம்தான் வந்தது. ஆனால் லூனாஸுக்கு வந்த பிறகு குடித்தார். கள்ளு இல்லை, சம்சு என்கிற மலிவுச் சாராயம். அந்த ஃபோர்மேன் சொன்ன பொய்யை ஏழெட்டு வருஷம் உட்கார்ந்து உண்மையாக்கிவிட்டுச் செத்தார். பள்ளிக்கூடத்தில், கோயிலில், கல்யாண வீட்டில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் ஒரு கிழவர் கேட்டார், "இன்ஜினக் கவுத்தவன் மகனா?"

நான் படித்து போய்லர்மேன் ஆனேன். வேறு எந்தத் தொழிலும் எனக்குத் தோன்றவே இல்லை. குளிம் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கொதிகலனைக் கவனித்துக்கொண்டேன். நீராவி, தண்ணீர் மட்டம், அழுத்தம், தகடு எந்தச் சூட்டில் இளகும் என்பதெல்லாம் படித்ததும் சம்பளத்துக்காக இல்லை. அந்த ஒரு விபத்தைப் புரிந்துகொள்ளப் படித்தேன். அது எப்படி நடந்திருக்கும் என்று ஆயிரம் தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கையில் ஆதாரம் மட்டும் இல்லை. ஆதாரம் அந்தத் தோட்டத்துக்குள் ஆலைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. ஆதாரம் இல்லாமல் வாயைத் திறந்தால் குடிகாரன் மகன் உளறுகிறான் என்பார்கள். ஃபோர்மேன் ஓய்வு பெற்றுப் பெண்டாங்கில் மகள் வீட்டில் இருந்தார். வயல் காற்று வாங்கிக்கொண்டு நன்றாகவே இருந்தார்.

அப்புறம் தோட்டத்தை விற்றார்கள். வீடமைப்புக் கம்பெனி ஒன்று வாங்கியது. செம்பனையைச் சாய்த்தார்கள், லயத்தை இடித்தார்கள், மிச்சம் இருந்த பத்துப் பதினைந்து குடும்பங்களை ஆளுக்கு ஒரு திசையாக அனுப்பினார்கள், மாரியம்மனைத் தூக்கிச் சாக்கடை ஓரத்தில் வைத்தார்கள். இன்ஜினை மட்டும் பாதுகாக்கப் போகிறோம் என்றார்கள். பாரம்பரியச் சின்னமாம். புது வீடமைப்பின் நுழைவாயிலில் மேடை கட்டி நிறுத்துவார்களாம். மனிதர்களை விரட்டிவிட்டு இரும்புக்கு மாலை போடுகிற புத்தியை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு குளிமில் பழுது வேலைகளை எடுத்துச் செய்கிற ஒரு குத்தகைக்காரருக்கு அவ்வப்போது வேலை செய்துகொடுப்பேன். அவர்தான் கூப்பிட்டார். "அண்ணே, ஒரு பழைய இன்ஜின் இருக்கு. ஓட்டப் போறதில்ல, சும்மா துரு சுரண்டி பெயிண்ட் அடிக்கிற வேலதான். போய்லர் தெரிஞ்ச ஆளு இருந்தா நல்லதுன்னு கேக்கறாங்க."

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னார். எங்கள் தோட்டம். என்னைச் சும்மா வரச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன் என்பது அவருக்குத் தெரியாது.

இன்ஜின் கொடிக்குள் மூடிக் கிடந்தது. புகைபோக்கிக்குள் ஒரு மரம் முளைத்து வெளியே கிளை விட்டிருந்தது. டிரைவர் நிற்கிற இடத்தில் உடும்பு ஒன்று படுத்திருந்து எங்களைக் கண்டதும் சாவகாசமாக இறங்கிப் போனது. கூட வந்தவர்கள் படம் எடுத்தார்கள். நான் அதன் சக்கரத்தின் மேல் காறித் துப்பினேன். பிறகு வேலையைத் தொடங்கினேன்.

கம்பெனியின் சார்பில் ஒரு மலாய்க்காரப் பெண் மேற்பார்வைக்கு வருவாள். முப்பது வயது இருக்கும். மரியாதையான பெண், என்னை அங்கிள் என்று கூப்பிடுவாள். இன்ஜினுக்குப் பச்சை வர்ணம் அடிக்கலாமா, அதுதான் கம்பெனியின் நிறம் என்று கேட்டாள். புகைபோக்கிக்குள் ஒலிபெருக்கி வைத்தால் மணிக்கு ஒரு தரம் கூவ வைக்கலாமே என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே அவர்கள் என்ன வர்ணம் அடித்தால் எனக்கென்ன. எனக்கு வேண்டியது உள்ளே இருந்தது.

அடுப்புக் கதவு மூன்றாம் நாள்தான் திறந்தது. இடுப்புவரை உள்ளே நுழைந்து மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்தேன். கூரைத் தகடு நனைந்த அட்டை மாதிரித் தொங்கி ஓரிடத்தில் நீளமாகக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் ஞாபகம் வந்தது. பிறகு தேடினேன்.

நான் தேடியது இதுதான். எந்த நீராவி இன்ஜினிலும் அடுப்பின் கூரையில் பித்தளைத் திருகு ஒன்று இருக்கும். அதன் நடுவில் துளை போட்டு ஈயத்தை ஊற்றி அடைத்திருப்பார்கள். கூரைக்கு மேலே தண்ணீர் இருக்கும்வரை ஈயம் சூடாகாது. தண்ணீர் குறைந்துவிட்டால் ஈயம் உருகி ஓடும். அந்தத் துளை வழியாகத் தண்ணீரும் ஆவியும் கொட்டி நெருப்பை அணைத்துவிடும். இன்ஜின் நின்றுபோகும், வேலை கெடும், ஆனால் ஆள் சாக மாட்டான். டிரைவர் குடித்திருந்தாலும் தூங்கினாலும் செத்தே போனாலும் அந்த ஈயம் தன் வேலையைச் செய்யும். எங்கள் இன்ஜினில் அது ஏன் செய்யவில்லை என்பதுதான் என் வாழ்நாள் கேள்வி.

டார்ச் வெளிச்சம் அந்த இடத்தில் விழுந்தது. பித்தளையும் இல்லை, ஈயமும் இல்லை. கட்டை விரல் தடிமனுக்கு ஒரு இரும்பு போல்ட்டு, இறுக்கி முடுக்கியிருந்தது.

படுத்தபடியே சிரித்தேன். கரி வாய்க்குள் விழுந்தும் சிரித்தேன். குத்தகைக்காரர் வெளியிலிருந்து காலைத் தட்டினார். "என்னண்ணே, உள்ள பாம்பு கீம்பா?"

"பாம்புதான் தம்பி. இங்க இல்ல, பெண்டாங்குல இருக்கு" என்றேன்.

அந்த போல்ட்டைக் கழற்ற அரை நாள் ஆனது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, குழாய்ச் சாவியில் நீளக் குழாயைச் சொருகித் தொங்கி, கடைசியில் கழன்றது. துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டேன். தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயின் கீழ் வால்வையும் கழற்றிப் பார்த்தேன். கல்லாக இறுகிய சேறு. ஆலைக் குட்டைத் தண்ணீரின் சேறு. அது அன்றைக்கே அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கினாலும் கண்ணாடி பாதி நிறைந்திருப்பதாகத்தான் காட்டியிருக்கும். அப்பா பார்த்திருக்கிறார், கண்ணாடி பொய் சொல்லியிருக்கிறது. வேலை தொடங்குமுன் அந்த வால்வைத் திறந்து ஊதிப் பார்க்க வேண்டியது டிரைவரின் பொறுப்பு என்பது எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நான் தினமும் செய்த வேலை அது. அன்றைக்கு அதை நினைக்க நான் விரும்பவில்லை.

திறப்பு விழாப் பட்டியலை அந்தப் பெண் காட்டினாள். முக்கிய விருந்தாளி யார் தெரியுமா? பெண்டாங்கிலிருந்து வருகிறார். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் மூன்று தடவை வந்தபோதும் இன்ஜினை விற்க விடாமல் தடுத்தவராம். அவர் இல்லையென்றால் இந்தப் பாரம்பரியமே இருந்திருக்காதாம். கல்வெட்டில் அவர் பெயர் இருந்தது. அடுப்புக்கு முன்னால் வெந்து செத்தவர் பெயர் இல்லை. விபத்து என்ற சொல்லே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் பூசணித் தோட்டத்தையே மறைத்திருந்தார்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பட்டியல் நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரரின் மகளைத் தேடிப் போனேன். அவளும் லூனாஸில்தான் இருந்தாள். ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கடையில் எதிரே வந்தால் அவள் பார்வையைத் திருப்பிக்கொள்வாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள்.

"திறப்பு விழாவா? எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்? எங்கப்பா முகமே எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

"நீ வரணும். உங்கப்பாவ யாரு கொன்னாங்கன்னு எல்லாரு முன்னாடியும் காட்டறேன்."

"எங்கம்மா வேற மாதிரியில்ல சொல்லிச்சு."

"உங்கம்மாவுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றேன், வந்து பாரு லா."

எத்தனை மணிக்குக் காடியில் வந்து கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டாள்.

விழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து போல்ட்டைச் சுத்தம் செய்தேன். டீசலில் ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் தலைப்பக்கத்தில் ஏதோ தடம் தெரிந்தது. மூன்று இலக்கங்கள். ஒன்று, ஒன்று, ஏழு.

அந்த ஃபோர்மேனின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் செய்தாலும், ஒரு ஆணியாக இருந்தாலும், செய்து முடித்ததும் அதன் மேல் தன் பெரட்டு எண்ணை உளியால் அடிக்க வேண்டும். பெரட்டு எண் என்பது காலையில் ஆள் கூப்பிடும்போது சொல்கிற எண். நாளைக்கு அந்தச் சாமான் உடைந்தால் யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இன்ஜின் ஓட்டாத நாட்களில் அப்பாவும் பட்டறையில்தான் வேலை செய்வார். அப்பாவின் எண் நூற்றுப் பதினேழு. எங்கள் வீட்டு மங்குக் குவளையில் அந்த எண் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கில் இருந்தது. வாத்தியார் என்னைக் கூப்பிட்டதே நூற்றுப் பதினேழின் மகன் என்றுதான்.

போல்ட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். திரும்ப வந்து பார்த்தேன். எண் அங்கேயேதான் இருந்தது.

ஃபோர்மேன் சொல்லாமல் அப்பா இதைச் செய்திருக்க மாட்டார். இன்று சொல்கிறேன், அன்றும் அப்படித்தான் நம்பினேன். ஈயத் திருகு உருகியிருக்கும், புதியது வெளியூரிலிருந்து வர வேண்டும், குலைகள் காட்டில் அழுகும், துரை கத்துவார், ஒரு போல்ட்டைப் போட்டு ஓட்டு என்று அவர் சொல்லியிருப்பார். ஆனால் செய்த கை அப்பாவின் கை. முடுக்கிய கையும் அதுதான். அதனால்தான் அவர் வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது பயத்தால் இல்லை.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். என் முகத்தைக் கண்டதும் விஷயத்தைக் கேட்டாள், சொன்னேன். "விட்டுருங்க" என்றாள். "செத்தவங்களையும் சாகப் போறவங்களையும் சண்டைக்குக் கூப்பிட்டு என்ன ஆகப் போவுது?"

"உனக்கு ஒன்னும் தெரியாது" என்றேன்.

எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். நாற்பத்தெட்டு வருஷம் பொத்தி வளர்த்த கோபம், ஒரு எண்ணுக்காக விட்டுவிட முடியுமா? கிரைண்டரை எடுத்து மின்சாரத்தில் சொருகினேன். தீப்பொறி பறந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அப்பாவின் எண் போய்விட்டது. அந்த இடத்தை டீசல் கலந்த கரியால் தேய்த்துக் கறுப்பாக்கினேன். அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அது பொய். என் ஆயுதத்தைத்தான் காப்பாற்றினேன்.

விழா அன்று நல்ல வெயில். நீலக் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டுகளில் கறிபாப்பும் குய் பலகாரங்களும். இன்ஜின் பச்சைப் பசேலென்று மேடையில் நின்றது. கல்யாண வீட்டு வாடகைக் கார் மாதிரி அதற்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மகளை முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார வைத்தேன். பழைய தோட்டத்து ஆட்கள் இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். எனக்கு அவர்கள்தான் வேண்டும். என்னைக் குடிகாரன் மகன் என்று சொன்ன வாய்கள் எல்லாம் அங்கே கறிபாப்பு மென்றுகொண்டிருந்தன.

ஃபோர்மேனைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். நான் மனதில் வைத்திருந்தது வாட்டசாட்டமான, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிய ஓர் ஆள். வந்தது எலும்பும் தோலுமான ஒரு கிழவர். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. கழுத்தில் போட்ட மாலையின் கனத்தில் தலை குனிந்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் பத்து வருஷம் முன்னால் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

ரிப்பன் வெட்டினார்கள். ஒலிபெருக்கி கூவியது. இன்ஜினைச் சீர்ப்படுத்தியவர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி அந்தப் பெண் மைக்கைக் கையில் கொடுத்தாள். நான் தமிழில் பேசினேன்.

"என் அப்பா இந்த இன்ஜின ஓட்டினவரு. குடிச்சிட்டு ஒரு ஆளக் கொன்னாருன்னு இந்தத் தோட்டமே சொல்லிச்சு. நான் உள்ள போயிப் பாத்தேன். ஈயம் இருக்க வேண்டிய எடத்துல இரும்பு இருந்துச்சு. அது யாரோட பட்டறையில செஞ்சதுன்னு இங்க உக்காந்திருக்கறவரக் கேக்கறேன்."

சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தமிழ் தெரியாதவர்கள் மட்டும் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவர் நடுங்குவார், மறுப்பார், யார் நீ என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் போல்ட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பார்வை இல்லையே. கட்டை விரலால் அதன் தலையைத் தடவினார். ஒருமுறை, இன்னொரு முறை. பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"நம்பரு எங்க தம்பி?"

மைக் என் கையில்தான் இருந்தது. அவர் மெல்லத்தான் கேட்டார். கூடாரம் முழுக்கக் கேட்டது.

எண் அடிக்காத சாமான் அவருடைய பட்டறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. அது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எண் இல்லாத போல்ட்டு என்றால் யாரோ எண்ணை அழித்திருக்கிறான் என்று அர்த்தம். முப்பது வருஷம் போய்லர் பார்த்தவனுக்கு, ஒரு நிமிஷம் யோசிக்கிற பொறுமை இருந்திருந்தால் இது புரிந்திருக்கும்.

"ஒரு நாளைக்குப் போடுடான்னு நான்தான் சொன்னேன்" என்றார் அவர். "புது ஈயம் வர்ற வரைக்கும். வரவே இல்ல. நானும் கேக்கல, அவனும் கேக்கல. குடிச்சான்னு சொன்னது நான்தான். அது பொய்தான். இரும்புக்கடைக்காரன் வந்தப்பல்லாம் ஏன் தடுத்தேன்னு நெனக்கிற? அறுத்தா இது வெளிய விழும். உங்கப்பன் நம்பரோட விழும். அறுக்கவும் மனசு வரல, தொறக்கவும் தைரியம் வரல. இப்ப நீ தொறந்திட்டு நம்பர மட்டும் இழைச்சிட்டு வந்திருக்க."

நான் நாற்பத்தெட்டு வருஷம் காத்திருந்து கேட்க நினைத்த வார்த்தை அதில் இருந்தது. அப்பா குடிக்கவில்லை, பொய் சொன்னது நான்தான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். ஆனால் ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லாரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவருடைய குற்றம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மகள் எழுந்து மேடைக்கு வந்தாள். அவசரப்படாமல் வந்தாள். அவர் முன்னால் நின்று, "ஐயா, அதுல யாரு நம்பரு இருந்துச்சு? எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

"அவன் சொல்லட்டும் தாயி" என்றார்.

நான் மைக்கை அணைத்தேன். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். செத்துப்போன எத்தனையோ பேர் இருந்தார்கள். "நூத்திப் பதினேழு. எங்கப்பா" என்றேன்.

அவள் குனிந்து கிழவரின் உள்ளங்கையிலிருந்து போல்ட்டை எடுத்தாள். விலை கேட்கப் போகிற சாமானைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள். மலாய்க்காரப் பெண் என்ன நடந்தது என்று புரியாமல் என்னிடம் நினைவுப் பரிசைக் கொடுத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிப் பச்சை இன்ஜின். வாங்கிக்கொண்டேன்.

லூனாஸ் போகிறவரை அவள் காடியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் கொன்றார்கள் என்று காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனவன் நான். காட்டிவிட்டேன். அவள் வீட்டு வாசலில் இறங்கியதும் போல்ட்டைத் திருப்பிக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்ணே" என்றாள். "உங்களுக்கு எதுக்கு இது?"

கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கிழவர் போய்விட்டார். பத்திரிகையில் படத்தோடு அறிவிப்பு வந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு டீ குடித்தேன். அவர்மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை, அவர் தன் பங்கைச் சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமல் அழித்தவன் நான். அவள் வாரம் ஒருமுறை பசாரில் என் எதிரே வருகிறாள். முன்பு போலப் பார்வையைத் திருப்பிக்கொள்வதில்லை. நேராகப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கீரை பார்க்கப் போகிறாள். அந்தக் கைப்பை தோளில் தொங்குகிறது. அந்த போல்ட்டை வைத்து அவள் இதுவரை ஒன்றும் செய்யவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எப்போதோ செய்திருப்பேன்.